பங்குத்தந்தையின் ஆன்மீகம் எங்கே இருக்கிறது?

குருமடத்தில் சேரலாமா என்று யோசிக்கும் ஓர் இளைஞர் கேட்டிருப்பது இது: “மனக்குறையைக் கேட்க ஆலோசகர் இருக்கிறார். ஏழைக்கு உதவத் தொண்டு நிறுவனம் இருக்கிறது. மறைக்கல்வி கற்பிக்கப் பொதுநிலையினரே போதும். இந்தக் காலத்தில் கத்தோலிக்கக் குரு எதற்கு? அவருடைய ஆன்மீகம் துறவியின் ஆன்மீகம்தானா?”

இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குரு எதற்கு என்பது தெளிந்தால், அவர் எப்படிச் செபிக்க வேண்டும் என்பதும் தெளியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குருக்கள் எல்லோரும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இயேசு சபை, சலேசிய சபை போன்ற துறவறச் சபைக் குருக்களுக்கு அது சரி. ஆயருக்குக் கீழ் அவருடைய பகுதியின் பங்குகளைப் பார்த்துக்கொள்ளும் மறைமாவட்டக் குரு அந்த மூன்றையும் கொடுப்பதில்லை. குருத்துவத்துக்கு முந்திய படியான திருத்தொண்டராகும்போது மணத்துறவையும், திருச்சபையின் அன்றாட வேளைச் செபமான திருப்புகழ்மாலை செபிப்பதையும் ஏற்கிறார். ஆயருக்கும் அவருக்குப் பின்வரும் ஆயர்களுக்கும் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார். எளிமையாக வாழக் கடமைப்பட்டவர்தான், ஆனால் சொத்தைத் துறந்தவர் அல்லர். துறவிக்கு அவருடைய சபையின் ஒழுங்கும், சபை நிறுவுநரின் தனி அருள்கொடையும், கூடி வாழும் இல்லமும் ஆன்மீகத்துக்கு வடிவம் கொடுக்கின்றன. மறைமாவட்டக் குருவுக்கு அந்த வடிவத்தைக் கொடுப்பது எது?

உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று குருக்களின் பணியும் வாழ்வும் பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. அதன் 14-ஆம் எண் நேரே இந்த இடத்தைத்தான் தொடுகிறது. பல வேலைகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் குரு தன் அகவாழ்வையும் புறவேலையையும் எப்படி ஒன்றாக்குவது? வேலைகளை ஒழுங்காக அட்டவணை போட்டால் மட்டும் அது நடக்காது. பக்தி முயற்சிகளைக் கூட்டினால் மட்டும் நடக்காது என்கிறது சங்கம். நல்ல ஆயனாகிய கிறிஸ்து தன் ஆடுகளிடம் காட்டிய அன்புதான் அந்த ஒருமையைத் தரும். அந்த அன்பு ஊறுவது நற்கருணைப் பலியிலிருந்து. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992 மார்ச் 25 அன்று குருத்துவப் பயிற்சி பற்றி எழுதிய மடலிலும் இதைத்தான் விரித்தார். ஆக, மறைமாவட்டக் குரு பணியிலிருந்து ஒதுங்கிப் போய்ப் புனிதம் தேட வேண்டியதில்லை. ஞானஸ்நானம் கொடுப்பதும், நோயாளியைப் பார்க்கப் போவதும், மறையுரை தயாரிக்க உட்காருவதும், அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் பொறுமையாக இருப்பதுமே, செய்ய வேண்டிய விதத்தில் செய்தால், அவரைப் புனிதப்படுத்தும். நான் சொல்லப்போவது எல்லாம் அந்த “செய்ய வேண்டிய விதம்” பற்றித்தான்.

குரு எதற்கு என்பதற்கு யாழ்ப்பாண வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. 1658-இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள்; கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டு அந்த மக்களுக்குக் குரு இல்லை. பெரியவர்கள் வீட்டுக்குள் செபமாலை சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கு மந்திரங்களைக் கற்பித்தார்கள், விசுவாசம் அணையவில்லை. 1687-இல் கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு, வீடு வீடாகப் போய் யாருடைய கண் அந்தச் செபமாலையில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலையில் தங்கி இரவுகளில் திருப்பலி நிறைவேற்றினார். அந்த மக்களிடம் செபம் இருந்தது, போதனை இருந்தது, ஒருவருக்கொருவர் உதவியும் இருந்தது. இல்லாதவை மூன்று: நற்கருணை, பாவமன்னிப்பு, நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதல். இந்த மூன்றையும் ஊர் கூடித் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது. அவை வெளியிலிருந்து, கிறிஸ்துவிடமிருந்து, ஒருவரது கை வழியாக வர வேண்டியவை. யோசேப் வாஸ் 1711-இல் கண்டியில் இறந்தார். 2015-இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இதனால் பொதுநிலையினர் கீழே, குரு மேலே என்று ஆகாது. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் பொதுக் குருத்துவம் உண்டு. தங்கள் உழைப்பையும் குடும்பத்தையும் துன்பத்தையும் கடவுளுக்குக் காணிக்கையாக்குவது அந்தக் குருத்துவம். குருக்களுக்கு உரிய பணிக் குருத்துவம் அதிலிருந்து வெறும் அளவில் அல்ல, தன்மையிலேயே வேறு என்று 1964-இல் சங்கம் சொன்னது. இந்த வாக்கியத்தைக் குருக்களின் பெருமையாகப் படிப்பவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. தன்மையில் வேறு என்பதற்குப் பொருள், பணிக் குரு நல்ல கிறிஸ்தவர்களில் முதல் தரம் அல்ல என்பதே. அவரைவிடப் புனிதமான பாட்டிகள் பங்கில் பத்துப் பேர் இருக்கலாம். அவர் இருப்பது அவர்களுடைய பொதுக் குருத்துவம் வாழ்வதற்காக. புனித அகுஸ்தீன் தம் மக்களிடம் சொன்னது இதைத்தான்: “உங்களுக்காக நான் ஆயர், உங்களோடு நான் கிறிஸ்தவன்.”

ஒருவரைக் குருவாக்கும் திருநிலைப்பாட்டுச் சடங்கை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். புத்தகம் படிப்பதைவிட அதிகம் புரியும். குருவாகப் போகிறவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள், அவர் முன்வருகிறார். தானாக வந்து இடம் பிடிப்பதில்லை. பிறகு தரையில் முகங்குப்புற விழுந்து கிடக்கிறார். எல்லாரும் புனிதர் மன்றாட்டுமாலை பாடுகிறார்கள். அதன்பின் ஆயர் ஒரு சொல்லும் பேசாமல் அவர் தலைமேல் கைகளை வைக்கிறார். வந்திருக்கும் குருக்களும் ஒவ்வொருவராக வைக்கிறார்கள். சடங்கின் உயிர் அந்த மௌனமும் அதைத் தொடரும் திருநிலைப்பாட்டு மன்றாட்டும்தான். 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதைத் தெளிவாக வரையறுத்தார். உடை அணிவிப்பது, உள்ளங்கைகளில் கிறிஸ்மா எண்ணெய் பூசுவது, அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் கையில் கொடுப்பது எல்லாம் நடந்ததை விளக்கும் சடங்குகள். ஆனால் அந்தத் தட்டைக் கொடுக்கும்போது ஆயர் சொல்வதன் சாரம் ஒரு குருவுக்கு வாழ்நாள் முழுவதும் போதும்: செய்வதை உணர்ந்து செய், கொண்டாடுவதை உன் வாழ்வில் பின்பற்று, சிலுவையின் மறைபொருளுக்கு ஏற்ப வாழ். மக்கள் கொண்டுவந்த காணிக்கை அந்தத் தட்டில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அவர் கையில் முதலில் ஏறுவது ஊருடைய அப்பம்.

இனி திருப்பலி. எழுந்தேற்றத்தின்போது குரு “இது கிறிஸ்துவின் உடல்” என்று சொல்வதில்லை. “இது என் உடல்” என்கிறார். கிறிஸ்துவின் ஆளாக நின்று பேசுகிறார் என்று இறையியல் சொல்வது இதைத்தான். ஆனால் அந்தச் சொல்லை ஒரு மனிதன் தினமும் சொல்லிக்கொண்டே தன் உடலையும் நேரத்தையும் தனக்கென்று காத்துக்கொண்டால், வாய்க்கும் வாழ்வுக்கும் நடுவில் விரிசல் விழும். குருவின் ஆன்மீகப் போராட்டம் பெரும்பாலும் அந்த விரிசலில்தான் நடக்கிறது.

மக்கள் காதில் விழாத செபங்கள் திருப்பலியில் சில உண்டு. திராட்சை இரசத்தில் சிறிது தண்ணீர் கலக்கும்போது, நம் மனிதத் தன்மையில் பங்கேற்றவரின் இறைத்தன்மையில் நாங்களும் பங்குபெறுவோமாக என்று மெல்லச் சொல்கிறார். கை கழுவும்போது தன் பாவத்தைக் கழுவச் சொல்லி வேண்டுகிறார். நற்கருணை உட்கொள்ளும் முன் தனக்காக ஒரு செபம். இவற்றை அவசரமாக முணுமுணுத்துத் தாண்டுவது எளிது. ஒரு நாளைக்கு மூன்று திருப்பலி இருந்தால் இன்னும் எளிது. திருச்சபைச் சட்டமும் ஒரு நாளைக்கு ஒன்று என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. குருக்கள் போதாத இடத்தில், நியாயமான காரணத்துக்காக ஆயர் இரண்டுக்கும், ஞாயிறு, கடன்திருநாள்களில் (எல்லாரும் திருப்பலிக்கு வரக் கடமைப்பட்ட திருநாள்கள்) தேவையிருந்தால் மூன்றுக்கும் அனுமதி தரலாம். கிளைக் கிராமங்கள் நிறைந்த பங்கில் ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளில் ஓடும் குருவுக்கு என் யோசனை: ஒவ்வொரு கோயிலுக்கும் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர நேரம் வையுங்கள். முடியாது என்றால் ஒரு கிராமத்துத் திருப்பலியைச் சனி மாலைக்கு மாற்றுங்கள்.

ஒருவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லி மக்கள் தரும் பூசைக் கருத்துப் பணத்தில் பிழை வருவதும் சட்டம் தெரியாததால்தான். ஒரே நாளில் எத்தனை திருப்பலி நிறைவேற்றினாலும் ஒன்றுக்குரிய காணிக்கையை மட்டுமே குரு வைத்துக்கொள்ளலாம். மற்றவை ஆயர் குறித்த காரியத்துக்குப் போக வேண்டும். கிறிஸ்துமஸ் நாள் மட்டும் விலக்கு. ஓராண்டுக்குள் நிறைவேற்ற முடியாத அளவுக்குக் கருத்துகளை வாங்கவும் கூடாது. பங்குத்தந்தை ஒவ்வொரு ஞாயிறும் கடன்திருநாளும் ஒரு திருப்பலியைத் தன் பங்கு மக்கள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர். அதற்குக் காணிக்கை கிடையாது. பெயர்ப் பட்டியல் இல்லாத அந்தத் திருப்பலிதான் பங்குத்தந்தை என்ற சொல்லின் முழுப் பொருள் என்று எனக்குத் தோன்றும்.

திருப்புகழ்மாலையைப் பழைய பேச்சில் கட்டளைச் செபம் என்பார்கள். கட்டளை என்று எடுத்துக்கொண்டால் அது சுமைதான். காலைப்புகழ், மாலைப்புகழ், வாசகப் பகுதி, பகல் மன்றாட்டு, இரவு மன்றாட்டு என்று ஐந்து வேளை. திருப்பாடல்கள் நான்கு வாரச் சுற்றில் வரும். காலைக்கும் மாலைக்கும் தலா 15 நிமிடம் போதும். இதில் தடுமாறுபவர்கள் சொல்லும் காரணம் ஒன்று: “திருப்பாடலில் உள்ள உணர்வு என் மனநிலையோடு ஒத்துப்போகவில்லை.” ஒத்துப்போகத் தேவையே இல்லை. வெள்ளி இரவு 88-ஆம் திருப்பாடல் வருகிறது. நம்பிக்கையின் ஒரு கீற்றுகூட இல்லாமல், இருள்தான் துணை என்று முடியும் பாடல். அன்று குருவுக்கு நல்ல நாளாக இருக்கலாம். மதியம் திருமணம் நடத்திவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவருடைய பங்கில் அந்த இரவில் யாரோ ஒருத்தி அரசு மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். அந்தப் பாடல் அவளுடையது. அவளுக்குச் செபிக்கச் சொல் வராத நேரத்தில் அவளுடைய குரலைக் குரு தன் வாயில் எடுத்துக்கொள்கிறார். இந்தப் புரிதல் வந்துவிட்டால் கட்டளைச் செபம் மாறிவிடும். ஒரு பழக்கம் உதவும்: செபிக்கத் தொடங்கும் முன் அன்று சந்தித்த ஒருவரின் பெயரை மனதில் வைத்துக்கொள்வது.

பாவசங்கீர்த்தனம் எனப்படும் ஒப்புரவு அருட்சாதனத்தில் ஆலோசகருக்கும் குருவுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும். ஆலோசகர் புரிந்துகொள்ள உதவுகிறார். அந்த உதவி பலருக்குத் தேவை, மனநோய் உள்ளவரைக் குரு மருத்துவரிடம் அனுப்பியே ஆக வேண்டும். ஆனால் “உன் பாவங்களை மன்னிக்கிறேன்” என்று சொல்லும் அதிகாரம் எந்தப் படிப்பிலும் கிடைக்காது. கேட்டதைச் சொல்லாலோ செயலாலோ குரு வெளிப்படுத்தக் கூடாது. நேரடியாக மீறினால் அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். யோவான் மரிய வியான்னி 1818-இல் ஆர்ஸ் என்ற பிரெஞ்சுக் கிராமத்துக்கு வந்தபோது அங்கே இருந்தவர்கள் சுமார் 230 பேர். இலத்தீனில் தடுமாறியவர், பெரிய மேடைப் பேச்சாளரும் அல்லர். பிற்காலத்தில் ஒரு நாளில் 16 மணி நேரம்கூடப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்தார். அவரே துறவு மடத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஒருமுறைக்கு மேல் ஊரை விட்டுக் கிளம்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். துறவியாகும் ஆசையையே பங்குக்காக விட்டுக்கொடுத்தது அவருடைய புனிதம்.

பங்குகளில் நடைமுறைக்கு ஒரு யோசனை: ஒப்புரவுக்கு நேரம் எழுதி ஒட்டி, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் குரு அந்த நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். “தேவைப்படுவோர் கேட்கலாம்” என்று விட்டால், மிகவும் தேவைப்படுபவர் கேட்கமாட்டார்.

நோயில்பூசுதலில் நடக்கும் பெரிய தவறு தாமதம். சாமியாரைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார், சாவு நிச்சயம் என்று எண்ணிவிடுவார் என்று குடும்பம் தள்ளிப்போடுகிறது. மூச்சு நின்ற பிறகு போன் வருகிறது. அருட்சாதனம் உயிரோடு இருப்பவருக்குத்தான். கடுமையான நோய், பெரிய அறுவைச் சிகிச்சை, முதுமையின் தளர்ச்சி எதற்கும் கேட்கலாம், நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். நெற்றியிலும் கைகளிலும் பூசப்படும். இறக்கும் தறுவாயில் உரிய அருட்சாதனம் உண்மையில் வழியுணவாகத் தரப்படும் நற்கருணை. பூச அதிகாரம் உள்ளவர் குரு மட்டுமே, திருத்தொண்டருக்கும் இல்லை. ஆகவே இரவில் குருவின் கைபேசி ஒலிக்கும் நிலையில் இருப்பதும், எண்ணெய்ச் சிமிழ் வண்டிச் சாவியோடு ஒரே இடத்தில் இருப்பதும் ஆன்மீக விஷயங்கள்தான். எண்ணெய் தீர்ந்துபோனால், அவசரத்தில் வேறு தாவர எண்ணெயைக் குருவே அந்தச் சடங்கிலேயே மந்திரிக்கலாம். பலருக்கு இது தெரியாது.

மறையுரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று 2024-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னார். எட்டு நிமிடம் பேச நான்கு மணி நேரத் தயாரிப்பு தேவை. சனி இரவு தொடங்கினால் அது கிடைக்காது. திங்களன்றே ஞாயிறு வாசகங்களைப் படித்துவிட்டால், வாரம் முழுவதும் வீடுகளில் கேட்பவை தாமாக அதனோடு வந்து சேரும்.

சரிவு எப்படி வருகிறது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் பெரிய பாவத்தில் தொடங்குவதில்லை. முதலில் விடியற்காலைத் தனித் தியானம் போகும், கட்டட வேலை, பள்ளி நிர்வாகம் என்று காரணம் இருக்கும். அடுத்துக் கட்டளைச் செபம். அதன்பின் குரு தன் பாவசங்கீர்த்தனத்தை விடுவார். அந்த நிலையில் வெளியே எல்லாம் சிறப்பாகவே நடக்கும், கோபுரம் எழும், விழா நடக்கும், ஆயர் பாராட்டுவார். உள்ளே ஆள் இல்லை. தனிமை வந்து உட்காரும். அதை மதுவோ, கைபேசியோ, பணமோ, முறையற்ற உறவோ நிரப்பும். மணத்துறவு குலைவதாக வெளியே தெரியும்போது நோய் பல ஆண்டு பழையதாக இருக்கும். மணத்துறவு இலத்தீன் திருச்சபையின் ஒழுங்கு. உரோமையோடு ஒன்றித்த, உக்ரைன் போன்ற கீழைத் திருச்சபைகளில் மணமான குருக்கள் உண்டு. ஆனால் மனைவி இல்லாத வாழ்வு என்று மட்டும் அதை வாழ்பவர் வறண்டு போவார். யாருக்கும் தனிச்சொத்து ஆகாததால் எல்லாருக்கும் கிடைப்பவர் என்று வாழ்ந்தால்தான் அதில் சாரம் இருக்கிறது.

இதற்கு மருந்தும் எளியதே. ஊருக்குத் தெரிந்த நண்பராக இல்லாத, நிலையான ஓர் ஆன்ம குரு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம். மாதத் தியானம், ஆண்டுத் தியானம். பங்குத்தந்தைக்கு ஆண்டில் ஒரு மாதம் வரை விடுப்பு உண்டு, தியான நாள்கள் அதில் சேராது. விடுப்பு எடுக்காமல் இருப்பது வீரம் அல்ல. வாரத்தில் ஒரு வேளையாவது அண்டைப் பங்குக் குருவோடு சேர்ந்து சாப்பாடு. பங்கு நிதிக்குழு சட்டப்படி கட்டாயம். கணக்கை அதன் முன் வைக்கும் குருவுக்குத் தூக்கம் வரும். 2022 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் குருக்களுக்கு நான்கு நெருக்கங்களைச் சொன்னார்: கடவுளோடு, ஆயரோடு, உடன் குருக்களோடு, மக்களோடு. நான்கில் ஒன்று அறுந்தால் மற்ற மூன்றும் இழுபடும்.

சிறார் பாதுகாப்பில் தயவுக்கு இடம் இல்லை. குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, அலுவலகக் கதவில் கண்ணாடி வேண்டும். 2019-இல் வந்த வத்திக்கான் சட்டப்படி, குருவானவர் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே அறிந்த குற்றத்தைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 2012-இன் போக்சோ சட்டம், குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. “திருச்சபையின் பெயர் கெடும்” என்று மறைத்ததால்தான் பெயர் கெட்டது. அதைவிடக் கொடுமையாக, பிள்ளைகளின் வாழ்வு கெட்டது.

நம் ஊரில் குருவுக்கு இன்னொரு சோதனை சாதி. கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பியிருக்கும் இடங்கள் தமிழகத்தில் உண்டு. தேர்ப்பவனி எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்ற சண்டையில் “சமாதானமாகப் போங்கள்” என்று ஒதுங்கும் குரு, வலியவரின் பக்கம் நிற்கிறார். ஒரே கிண்ணத்தை உயர்த்திய கை அங்கே பேசியாக வேண்டும். மாற்றல் வரும், மனு போகும், வசவு விழும். சிலுவைக்கு ஏற்ப வாழ் என்று ஆயர் சொன்னது இந்த நாளுக்கும் சேர்த்துத்தான். ஈழத்தில் போர் நேரத்தில் மக்களோடு தங்கியிருந்த குருக்களுக்கு விலை இன்னும் பெரிது. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத் தீவுப் பகுதியிலுள்ள அல்லைப்பிட்டியில் ஆலயத்தில் தஞ்சம் புகுந்த மக்கள் எறிகணையில் இறந்தார்கள். சில நாள்களில் அந்தப் பங்குத்தந்தை ஜிம் பிரவுன் அடிகளார் காணாமல் ஆக்கப்பட்டார்.

சேர நினைக்கும் உங்களுக்கு வழிமுறை: பங்குத்தந்தையிடமும் மறைமாவட்ட இறையழைத்தல் பொறுப்பாளரிடமும் பேசுங்கள். தொடக்கப் பயிற்சி ஓராண்டுக்குக் குறையாது. மெய்யியல் இரண்டு ஆண்டு, இறையியல் நான்கு ஆண்டு. இடையில் களப்பணி, பட்டப்படிப்பு சேர்ந்தால் பத்தாண்டை ஒட்டி வரும். சென்னையை ஒட்டிய பூவிருந்தவல்லியிலும் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையிலும் குருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. குருவாக 25 வயது நிறைந்திருக்க வேண்டும். திருத்தொண்டரான பின் ஆறு மாதமாவது இடைவெளி வேண்டும். பயிற்சியில் மனிதப் பண்பு, ஆன்மீகம், அறிவு, மேய்ப்புப்பணி என நான்கு பக்கம் பார்ப்பார்கள். அடித்தளம் மனிதப் பண்புதான். கோபத்தை அடக்கத் தெரியாதவர், தோல்வியைத் தாங்காதவர், பெண்களிடம் இயல்பாகப் பேச முடியாதவர் எவ்வளவு செபித்தாலும் பிற்பாடு மக்களுக்குத் தடையாகிவிடுவார். குருமடத்தில் நடிக்காதீர்கள். பாதியில் வெளியே வருவது அவமானம் அல்ல. உங்கள் அழைப்பு வேறு என்று தெரிந்துகொள்ளவும்தான் அந்த ஆண்டுகள்.

75 வயதில் பங்குத்தந்தை பணி விலகல் கடிதம் கொடுக்கிறார். பிறகு சாவிக்கொத்து இல்லை, பங்குப் பேரவை இல்லை, கேட்டு வருவோரும் குறைவு. குருத்துவம் பதவி என்று வாழ்ந்தவருக்கு அந்த நாள்கள் கொடியவை. திருநிலைப்பாடு மட்டும் ஓய்வுபெறுவதில்லை. நிற்க முடியாத குரு உட்கார்ந்தே திருப்பலி நிறைவேற்றலாம் என்று சட்டம் இடம் தருகிறது. கண் தெரியாதவர், ஏற்கப்பட்ட திருப்பலிப் பாடங்களில் தனக்கு இயன்ற ஒன்றைப் பயன்படுத்தலாம். தேவைப்பட்டால் இன்னொரு குருவோ, திருத்தொண்டரோ, பழக்கப்பட்ட பொதுநிலையினர் ஒருவரோ பக்கத்தில் நின்று உதவலாம்.